நரம்பு வார்டில் செவிலியரின் கண்

(செவிலியர் கல்லூரி மாணவ மாணவியரிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நரம்பு மண்டலத்தைப் பற்றியும் நரம்பு நோய்களைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 12 ஜோடி மூளை நரம்புகள், 31 ஜோடி தண்டுவட நரம்புகள் எல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. தேர்வுக்கு அவற்றை எப்படியும் படித்துவிடுவீர்கள். அந்தப் பாடத்துக்கும் வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள உறவைப் பற்றித்தான் நான் பேச நினைக்கிறேன்.

காலை பத்து மணிக்கு எடுத்த சி.டி. ஸ்கேன், பத்து மணிக்கு அந்த மூளை எப்படி இருந்தது என்பதை மட்டுமே காட்டும். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே ரத்தக்கசிவு பெருகியிருக்கிறதா, வீக்கம் கூடியிருக்கிறதா என்று அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுவார். உறவினர்கள் பார்வை நேரத்தில் வந்து போவார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் அந்த நோயாளியின் அருகில் இருக்கிறவர் செவிலியர். ‘இவர் காலையில் இருந்ததுபோல இப்போது இல்லை’ என்பதை முதலில் கண்டுபிடிக்கிறவரும் அவராகத்தான் இருக்க முடியும்.

நரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒரு நியூரான் ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. சோடியம் பெரும்பாலும் வெளியே, பொட்டாசியம் பெரும்பாலும் உள்ளே. தூண்டுதல் வந்ததும் சோடியம் உள்ளே பாய்கிறது, உடனே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. இந்த அலைதான் நரம்பு வழியே ஓடும் செய்தி. மையலின் உறை போர்த்திய தடித்த நரம்பில் அது நொடிக்கு 100 மீட்டர் வேகத்தைத் தொடும். உறையில்லாத மெல்லிய வலி நரம்பில் நொடிக்கு ஒன்று, இரண்டு மீட்டர்தான்.

உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் ஒரு கணமும் நிற்கக் கூடாது. அதை ஓட்டுவதற்கே மூளை தன் ஆற்றலில் பெரும்பங்கைச் செலவழிக்கிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை, அதாவது உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்ஸிஜனில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. இத்தனை செலவு செய்யும் உறுப்பிடம் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ரத்தம் கொண்டுவரும் சர்க்கரையையும் ஆக்ஸிஜனையும் நம்பியே ஒவ்வொரு நிமிடமும் அது இயங்குகிறது.

இதைப் புரிந்துகொண்டால் வார்டில் இரண்டு விஷயங்களை நீங்கள் தவறவிட மாட்டீர்கள். ஒன்று, சர்க்கரை. ‘கை கால் இழுத்துக்கிச்சு’ என்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பார்த்தால் பக்கவாதம் மாதிரியே இருக்கிறது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 35. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்திருப்பார். டெக்ஸ்ட்ரோஸ் ஏறியதும் பல நேரங்களில் கை தூக்குகிறார், பேசுகிறார். நினைவு தப்பியோ, வலிப்போடோ, ஒரு பக்கம் செயலிழந்தோ யார் வந்தாலும் குளுக்கோமீட்டர் முதலில் வெளியே வர வேண்டும்.

மற்றொன்று சோடியம். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடும் எழுபது வயது அம்மா இரண்டு நாளாக உளறுகிறார். ‘வயசாகிடுச்சு, அப்படித்தான்’ என்கிறார்கள் வீட்டில். ரத்தத்தில் 135-க்குக் குறையக் கூடாத சோடியம் 112 இருக்கும். இதைச் சரிசெய்யும்போது அவசரம் கூடாது. ஒரே நாளில் மளமளவென்று ஏற்றினால் மூளைத்தண்டில் மையலின் உறை சிதைந்து கை கால்களும் பேச்சும் போய்விடக்கூடும். ஆகவே 3 சதவீத சலைன் ஓடும்போது பம்பின் வேகத்தைச் சரிபார்ப்பதைச் சாதாரண வேலையாக நினைத்துவிடாதீர்கள்.

இப்போது ஒரு நரம்பு அடுத்த நரம்போடும் தசையோடும் எப்படிப் பேசுகிறது என்ற கேள்விக்கு வருவோம். 1921-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து, நரம்பே தூண்டப்படாத மற்ற இதயத்தில் விட்டார். அதுவும் தளர்ந்தது. நரம்பின் முனையிலிருந்து ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது என்பது அதனால் உறுதியானது. அதுதான் அசிட்டைல்கோலின். 1936-இல் ஹென்றி டேலோடு சேர்த்து லோவிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தவளைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் பூச்சிமருந்து நஞ்சேறி வருகிறவர்களைப் பார்க்காத செவிலியர் கிடையாது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து, வேலை முடிந்த அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுகிறது. உடம்பு முழுக்க அசிட்டைல்கோலின் தேங்குகிறது. வாயில் எச்சில் வழியும், உடம்பு வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், நாடி தளரும், நெஞ்சு முழுக்கச் சளி கரகரக்கும். கையுறை போட்டுக்கொண்டு நஞ்சு பட்ட துணியை அகற்றி, தோலையும் தலைமுடியையும் கழுவ வேண்டும். அட்ரோபின் ஏறும்போது நெஞ்சில் ஸ்டெத் வையுங்கள். கரகரப்பு நின்று, அக்குள் உலர்ந்து, நாடி 80-க்கு மேல் நிற்கிறதா என்பதே கணக்கு. அளவு மிஞ்சினால் காய்ச்சல் ஏறும், நோயாளி துணியைப் பிடித்து இழுப்பார், இல்லாததைப் பார்த்துப் பேசுவார், வயிற்றில் குடல் ஓசை நின்றுவிடும். அதையும் நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் முக்கியமான கட்டம். இரண்டாம் நாள் சளி அடங்கிவிடும், நோயாளி கண்ணைத் திறந்து பேசுவார், சொந்தக்காரர்கள் நிம்மதியாக டீ குடிக்கப் போவார்கள். அந்த நேரத்தில்தான் மூச்சுத் தசைகள் மெல்லத் தளரத் தொடங்கும். நஞ்சேறி 24 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும் இந்த நிலையை 1987-இல் விவரித்து எழுதியவர்கள் நம் பக்கத்து நாடான இலங்கையின் மருத்துவர்கள் நிமால் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும். அட்ரோபின் இதைத் தடுக்காது, ஏனென்றால் தசையில் இருக்கும் ஏற்பி வேறு வகை. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். நோயாளியை மல்லாந்து படுக்க வைத்து, ‘தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் தூக்குங்க’ என்று சொல்லுங்கள். நேற்றுத் தூக்கியவர் இன்று தூக்க முடியாமல் தவித்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். வென்டிலேட்டர் தேவைப்படும் நேரம் நெருங்கிவிட்டது. ஆக்ஸிஜன் அளவு குறையட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். பூச்சிமருந்து குடித்து வந்த நோயாளியை வார்டில் யாரும் திட்டவோ புத்தி சொல்லவோ கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மனம் உடைந்து வந்தவர் அவர். நீங்கள் பேசும் முதல் அன்பான வார்த்தையும் அவருக்குச் சிகிச்சைதான்.

இதே நரம்பு-தசைச் சந்திப்பைத்தான் நல்ல பாம்பின் நஞ்சும் கட்டுவிரியன் நஞ்சும் தாக்குகின்றன. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுகிறார், இமையைத் தூக்க முடியவில்லை, தேடிப் பார்த்தால் கடிவாய்கூடத் தெரிவதில்லை. கட்டுவிரியனை நினையுங்கள். நஞ்சு முற்றியவர் கண் திறக்காமல், கை கால் அசைக்காமல், சில நேரங்களில் கண்மணிகூட அசையாமல் மூளைச்சாவு அடைந்தவர் போலவே கிடப்பார். ஆனால் காது கேட்கும், நினைவு இருக்கும். வென்டிலேட்டரில் சில நாள் தாங்கினால் எழுந்து நடந்தே வீட்டுக்குப் போகிறவர்கள் இவர்கள். இவர் படுக்கையருகே நின்று ‘அவ்வளவுதான்’ என்று ஒருவரும் பேசக் கூடாது. விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சை நம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த மக்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்தது மண்டை ஓடு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் மன்ரோவும் பிறகு ஜார்ஜ் கெல்லியும் சொன்ன கருத்து எளிமையானது. மூடிய எலும்புப் பெட்டிக்குள் மூளை, ரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம் மூன்றும் இருக்கின்றன. ஒன்று கூடினால் மற்றவை குறைந்தாக வேண்டும். அடிபட்டு உள்ளே ரத்தம் தேங்கினால் முதலில் திரவமும் சிரை ரத்தமும் வெளியேறி இடம் கொடுக்கும். அதுவரை நோயாளி நன்றாகவே பேசிக்கொண்டிருப்பார். இடம் தீர்ந்தபின் அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்துவதும், கழுத்தை நேராக வைப்பதும், ட்ரக்கியாஸ்டமி நாடாவை இறுக்கிக் கட்டாமல் இருப்பதும் இதனால்தான். கழுத்துச் சிரைகள் அழுந்தினால் மூளையிலிருந்து ரத்தம் இறங்க வழியில்லை. பி.பி. ஏறி, நாடி குறைந்து, மூச்சு தாறுமாறானால் அது ஹார்வி குஷிங் விவரித்த கடைசி எச்சரிக்கை. அதுவரை வரவிடாமல் பார்த்துக்கொள்ள நமக்கு ஒரு கருவி இருக்கிறது.

1974-இல் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் இருவரும் வகுத்துக் கொடுத்த அளவுகோல் அது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. ஒன்றுமே இல்லாதவருக்கும் 3. எட்டும் அதற்குக் கீழும் போனால் மூச்சுக்குழாயைப் பாதுகாக்க வேண்டிய நிலை. இது உங்களுக்குத் தெரியும். அதை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் கோளாறு நடக்கிறது.

‘இன்னைக்கு என்ன தேதி?’ என்று ஒரு கிராமத்துப் பாட்டியைக் கேட்கிறார்கள். பாட்டி விழிக்கிறார். குழப்பம் என்று எழுதி ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டி நல்லபடியாக இருந்தபோதும் ஆங்கிலத் தேதி சொன்னவரில்லை. ‘இது என்ன மாசம் பாட்டி?’ என்று கேளுங்கள். ‘ஆவணி பொறந்து நாலு நாளாச்சு’ என்பார். அதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? அதேபோல, கட்டட வேலையில் மேலேயிருந்து விழுந்த பீகார், ஒடிசாத் தொழிலாளியிடம் தமிழில் கேட்டுவிட்டு ‘பேசவில்லை’ என்று எழுதக் கூடாது. உடன் வந்தவரைக் கூப்பிட்டு அவர் மொழியில் கேட்கச் சொல்லுங்கள். ‘கையைப் பிடி’ என்று சொல்லி அவர் பிடித்தால் மட்டும் போதாது. உள்ளங்கையில் விரல் பட்டால் தானாகப் பிடித்துக்கொள்ளும் அனிச்சைச் செயலும் உண்டு. ‘இப்போ விடு’ என்று சொல்லுங்கள். விட்டால்தான் சொன்னதைப் புரிந்துகொண்டார் என்று அர்த்தம்.

மொத்தமாக ‘11’ என்று மட்டும் எழுதுவதை விட்டுவிடுங்கள். கண் 3, பேச்சு 3, அசைவு 5 என்று தனித்தனியாக எழுதினால்தான் எது இறங்குகிறது என்று தெரியும். மூன்றிலும் அசைவு மதிப்பெண்ணுக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். வலித்த இடத்துக்குக் கையைக் கொண்டுவந்து தடுத்தவர், அடுத்த மணி நேரத்தில் முழங்கையை மட்டும் மடக்கினால், எண்ணிக்கையில் ஒன்றோ இரண்டோ குறைந்தது போலத்தான் தெரியும். உள்ளே பெரிய சரிவு. கூடவே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு கண்மணி மட்டும் விரிந்து, வெளிச்சத்துக்குச் சோம்பலாகச் சுருங்கினால் மூன்றாம் மூளை நரம்பு அழுந்துகிறது என்று பொருள். அப்போது சார்ட்டை எழுதி முடிக்கக்கூட நிற்காதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பக்கவாதத்தைப் பற்றி இப்போது விழிப்புணர்வு கொஞ்சம் வந்திருக்கிறது. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நியூரான்கள் மடிகின்றன என்று 2006-இல் வெளிவந்த ஒரு கணக்கீடு சொல்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கடிகாரம் நோயாளியைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்து ஓடவில்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. ‘எப்போ பார்த்தீங்க?’ என்று கேட்டால் ‘காலையில ஆறு மணிக்கு’ என்பார்கள். ‘கடைசியா நல்லா பேசினது எப்போ?’ என்று கேட்டால் ‘ராத்திரி பத்து மணிக்குப் படுக்கும்போது’ என்பார்கள். இரண்டு பதிலுக்கும் நடுவே எட்டு மணி நேரம் இருக்கிறது. கையில் புறா ரத்தம் தடவிக்கொண்டு வருகிற குடும்பங்களை இன்றும் பார்க்கிறோம். அவர்களைக் கடிந்துகொண்டு நிமிடங்களை வீணாக்காமல் நேரத்தைக் கேட்டு எழுதுங்கள்.

வந்தவருக்கு நாக்கு வறண்டிருக்கும். மகளோ மருமகளோ ஒரு வாய் காபி கொடுக்கத் தம்ளரோடு நிற்பார். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் தண்ணீரோ மாத்திரையோ எதுவும் வாய்வழியே போகக் கூடாது. உட்கார வைத்து, ஸ்பூனில் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, இருமுகிறாரா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா, வாயோரம் ஒழுகுகிறதா என்று பாருங்கள். பக்கவாதத்தில் பிழைத்தவர்கள் சிலர் பிறகு நிமோனியாவில் இறந்துபோவதற்கு இந்த ஒரு தம்ளரும் காரணமாகலாம். ரைல்ஸ் டியூப் போட வேண்டியிருந்தால், அது தண்டனை இல்லை என்று குடும்பத்துக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

பேச்சு போனவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1861-இல் பாரிசில் பால் புரோக்கா, ‘டான்’ என்ற ஓர் ஒலியைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாத ஒரு நோயாளியை ஆராய்ந்தார். அவர் இறந்தபின் பார்த்ததில் மூளையின் இடது முன்பகுதி சிதைந்திருந்தது. அந்தப் பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கு நாம் பேசுவது பெரும்பாலும் புரியும், பதில்தான் வராது. அவர்களிடம் சத்தமாகவோ குழந்தையிடம் கொஞ்சுவது போலவோ பேசாதீர்கள். ஆமாம், இல்லை என்று தலையாட்டக் கூடிய கேள்வியாகக் கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தையும் இரும்பையும் திணிப்பது இன்னும் நடக்கிறது. வலிப்பு பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடங்களில் தானாகவே நிற்கும். அதனால் இரும்புக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. நீங்கள் செய்ய வேண்டியது நோயாளியை ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்ப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் அது தானாக நிற்கும் என்று நம்பக் கூடாது, ஊசி தேவை. எந்தக் கையில் தொடங்கியது, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று எழுதிவையுங்கள். டாக்டர் வரும்போது வலிப்பு முடிந்திருக்கும், உங்கள் குறிப்பு மட்டுமே மிஞ்சும். ஃபெனிடாயின் ஏற்றுவதானால் நார்மல் சலைனில் மட்டும். டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிந்துவிடும்.

பார்கின்சன் நோயாளி உங்கள் வார்டுக்கு எலும்பு முறிவுக்காகவோ மூத்திரத் தொற்றுக்காகவோ வரலாம். ஜேம்ஸ் பார்கின்சன் 1817-இல் எழுதிய நோய் இது. மூளையில் டோபமின் குறைவதால் வருவது. வீட்டில் லெவோடோபா மாத்திரையை எட்டு, பன்னிரண்டு, நான்கு என்று மணி பார்த்துச் சாப்பிட்டவருக்கு, வார்டில் மருந்து ட்ராலி வரும்போது கொடுத்தால் போதும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஒரு மணி நேரத் தாமதத்தில் அவர் மரக்கட்டையாக விறைத்துப்போவார். விழுங்க முடியாது, நடக்க முடியாது. குமட்டலுக்கு மெட்டோகுளோபிரமைடு போட்டால் நிலைமை மோசமாகும். அவர் மனைவி ‘மணி ஆச்சும்மா’ என்று மூன்று முறை வந்து சொன்னால் எரிச்சல்படாதீர்கள். அந்த நோயைப் பொறுத்தவரை நம்மைவிட அந்த அம்மாவுக்கு அதிகம் தெரியும்.

இன்னொரு நோயோடு முடிக்கிறேன். 1916-இல் முதல் உலகப்போர்க் காலத்தில் இரண்டு பிரெஞ்சுப் போர்வீரர்களிடம் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் மூவரும் கண்டு எழுதிய கில்லன்-பாரே நோய். சாதாரண வயிற்றுப்போக்கோ சளியோ வந்து ஓரிரு வாரத்தில் கால் தளரத் தொடங்கி மேலே ஏறும். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளின் உறையைத் தாக்குகிறது. நேற்று நடந்து வந்தவர் இன்று எழ முடியாமல் கிடப்பார், ஆனால் அறிவு முழுத் தெளிவோடு இருக்கும். இவரிடம் மூச்சை நன்றாக இழுக்கச் சொல்லி, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள். காலையில் 30 வரை போனவர் மாலையில் 15-இல் நிறுத்தினால், பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள். இந்த நோயில் ஆக்ஸிஜன் கடைசியில்தான் குறையும். சரியான நேரத்தில் மூச்சுக்கு உதவி கிடைத்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி நடக்கிறார்கள்.

கடைசியாக இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நரம்பு வார்டில் டியூட்டி மாறும்போது ஒப்படைப்பை நர்சிங் ஸ்டேஷனில் நோட்டை மட்டும் பார்த்துப் படித்து முடிக்க அனுமதிக்காதீர்கள். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து படுக்கையருகே நின்று, கண்மணியையும் கை கால் அசைவையும் இருவருமாகப் பார்த்து, இருவரும் ஒரே மதிப்பெண்ணை எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் ‘மடக்குகிறார்’ என்பதை மற்றவர் ‘தடுக்கிறார்’ என்று எழுதினால் மாற்றத்தைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. இரவு டியூட்டியில் ஒரே செவிலியரிடம் முப்பது, நாற்பது நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு மணிக்கொரு முறை பார்க்கச் சொல்வதும் நியாயமில்லை. நரம்பு வார்டுகளுக்கு இரவில் கூடுதல் ஆள் கொடுங்கள். மாணவர்களே, நாளை வார்டுக்குப் போகும்போது இந்த ஒப்படைப்பைக் கூடவே நின்று பாருங்கள். நடக்கவில்லை என்றால், ‘எங்களுக்குச் செய்து காட்டுங்கள் சிஸ்டர்’ என்று தயங்காமல் கேளுங்கள்.